பணம் கொடுத்தோம், துணை கொடுத்தோமா?



பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான சில வாரங்களில் நம் ஊர்களில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். பள்ளிவாசல் வளாகத்திலோ கல்யாண மண்டபத்திலோ மேடை போடுவார்கள். ஜமாஅத் தலைவரும் வணிகப் பெருமக்களும் சபரிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் சகோதரர்களும் மேடையில் அமர்ந்திருப்பார்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்படும். காசோலை கைமாறும். புகைப்படம் எடுக்கப்படும். துஆவுடன் கூட்டம் கலையும்.

நல்ல காரியம். கொடுத்தவர்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அதைக் குறை சொல்வதற்காக இந்தத் தலையங்கம் எழுதப்படவில்லை.

ஆனால் நாம் கேட்கத் தவறிய கேள்வி ஒன்று இருக்கிறது. காசோலை வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிய அந்த மாணவர், அடுத்த ஆண்டு இதே நாளில் எங்கே இருக்கிறார்? இரண்டாம் ஆண்டுக்குப் போய்விட்டாரா? எத்தனை பாடத்தில் அரியர் வைத்திருக்கிறார்? கல்லூரிக்குத்தான் போகிறாரா, அல்லது மாமாவின் கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கிறாரா? நம்முடைய பேரேட்டில் தொகையும் தேதியும் கையெழுத்தும் இருக்கின்றன. அந்தப் பிள்ளை என்ன ஆனார் என்று எழுதுவதற்கு ஓர் இடம் மட்டும் இல்லை.

வாசலில் கல்லூரி, உள்ளே வழி?

வரிச்சிக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்கால் நகருக்கு வடக்கே, கோட்டுச்சேரி கொம்யூனைச் சேர்ந்த ஊர். காரைக்கால் பாலிடெக்னிக் கல்லூரி இந்த ஊரில்தான் இருக்கிறது. அதே கொம்யூனில் உள்ள திருவேட்டக்குடியில் 2010-ல் நிறுவப்பட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அதன் பெயரில்தான் புதுச்சேரி. இருப்பது நம் காரைக்கால் மண்ணில். கொஞ்சம் தள்ளிப் போனால் ஔவையார் அரசு மகளிர் கல்லூரி, 1987-ல் தொடங்கிய வேளாண் கல்லூரி, 2016-ல் வந்த ஜிப்மர் மருத்துவக் கல்லூரி. இவ்வளவு சிறிய வட்டாரத்துக்குள் இத்தனை உயர்கல்வி நிலையங்கள் அமைந்திருப்பது எல்லா ஊருக்கும் வாய்க்காத பாக்கியம்.

வாசலில் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் வீட்டில் கல்லூரிக்குப் போன ஆள் யாரும் இல்லையே! அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ உழைத்தவர். அம்மா பள்ளிப் படிப்போடு நின்றவர். கிரெடிட் என்றால் என்ன, இன்டர்னல் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள், வருகைப்பதிவு குறைந்தால் யாரைப் பார்ப்பது என்று அந்தப் பிள்ளை யாரிடம் கேட்பார்?

காரைக்கால் பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் இருப்பது நாகப்பட்டினத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே. நம்மை ஆள்வதோ சுமார் 130 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள புதுச்சேரி. தரங்கம்பாடியில் இருக்கும் சாச்சா மகள், தமிழக அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பெறுகிறார். அவருடைய தம்பிக்கு 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் நம் ஊர் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அவை இரண்டும் இல்லை. இங்கே சென்டாக் கலந்தாய்வு வேறு, காமராஜர் பெயரால் புதுச்சேரி அரசு தரும் கல்வி நிதியுதவி வேறு, குடியிருப்புச் சான்றிதழ் விதிகள் வேறு. ஆக, தமிழ்நாட்டு உறவினர் எவ்வளவு நல்ல மனத்தோடு ஆலோசனை சொன்னாலும் பாதி பொருந்தாது. சரியான பதிலைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். போன ஆண்டோ அதற்கு முந்தின ஆண்டோ இதே ஊரிலிருந்து இதே வழியில் போன மூத்த மாணவர்!

விழும் இடம் எது?

உதவித்தொகை பெறும் பிள்ளை எங்கே விழுகிறார் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கட்டணம் கட்டும் கவுண்டரில் அல்ல. முதல் பருவத்தின் ஆறாவது, ஏழாவது வாரத்தில்தான் சறுக்கல் தொடங்குகிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்குக் கணிதம் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் விரைந்து சொல்லப்படும் கணிதம் பிடிபடாது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கக் கூச்சம். ஆசிரியரிடம் கேட்க அச்சம். முதல் தேர்வில் மதிப்பெண் குறைகிறது. அதை வீட்டில் சொல்வதில்லை. பணம் கொடுத்தவரிடம் எப்படிச் சொல்வது? "இவ்வளவு செலவு செய்தோமே" என்பாரே! அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொள்கிறார். அரியர் ஒன்று இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது. உதவித்தொகையைப் புதுப்பிக்க வேண்டிய தேதி கடந்து போகிறது. வருமானச் சான்றிதழ் வாங்கத் தாலுகா அலுவலகத்துக்கு யார் போவது என்ற குழப்பத்தில் விண்ணப்பமே போகாமல் நின்றுவிடுகிறது.

நாம் கொடுத்த பணம் வீணானதை நாம் அறிவதே இல்லை. ஒரு பிள்ளையின் மனம் உடைந்ததையும் அறிவதில்லை.

சமுதாயத்தின் நிலை என்ன என்பதை 2006 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கை புள்ளிவிவரத்தோடு சொல்லிவிட்டது. 20 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் சுமார் 7 விழுக்காடு என்றால், முஸ்லிம்களில் அது 4 விழுக்காட்டுக்கும் குறைவு என்றது அந்த அறிக்கை. அதன் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், கல்லூரிக்குப் போகிறார்கள். அதே நேரத்தில் கதவுகள் சில சாத்தப்பட்டும் இருக்கின்றன. ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு மக்களவையில் அறிவித்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை சிறுபான்மை மாணவர்களுக்குக் கிடைத்துவந்த உதவித்தொகையும் அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது. அவற்றைத் திரும்பப் பெறுவதற்கான ஜனநாயகப் போராட்டம் தொடரத்தான் வேண்டும். ஆனால் அரசு தரும் பணம் சுருங்கும் காலத்தில், சமுதாயம் தரும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு பட்டமாக முடிய வேண்டாமா?

சைகோனுக்குப் போனவர் தனியாகவா போனார்?

வணிகப் பெருமக்களே! உங்களுக்கு இதை விளக்க வேறு நாட்டு உதாரணம் தேவையில்லை. உங்கள் குடும்ப வரலாறே போதும்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் காரைக்காலிலிருந்து நம்மவர்கள் சைகோனுக்குக் கப்பல் ஏறினார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-ல் அந்த நகரில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. கப்பலை விட்டு இறங்கிய புதுப் பையன் அங்கே நடுத்தெருவில் நின்றாரா? இல்லை. அவருக்கு முன்னால் போயிருந்த ஊர்க்காரர் அழைத்துப் போனார். படுக்க இடம் கொடுத்தார். சரக்கின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தார். எந்த வாடிக்கையாளரிடம் கடன் வைக்கலாம், எவரிடம் வைக்கக் கூடாது என்று காதோடு சொன்னார். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போனவர்கள் கதையும் அதுதான். இன்று வளைகுடாவுக்குப் போகும் இளைஞருக்கும் விசாவுக்கு முன்னால் "அங்கே நம்ம நானா ஒருத்தர் இருக்கிறார்" என்ற சொல்தான் தைரியம்.

வணிகத்தில் நாம் யாரையும் பணத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்பியதில்லை. முன்னால் போனவர் பின்னால் வருபவரைக் கைதூக்கிவிட்டதால்தான் அந்த வணிகம் வளர்ந்தது. அப்படியிருக்க, படிப்புக்கு அனுப்பும்போது மட்டும் ஏன் காசோலையோடு கைகழுவிவிடுகிறோம்? சைகோனைவிடக் கல்லூரி அந்தப் பிள்ளைக்கு அந்நியமான இடம் அல்லவா? அங்கேயும் அவருக்கு ஒரு நானா வேண்டாமா? பெண் பிள்ளைக்கு ஒரு லாத்தா வேண்டாமா?

புதிய சரக்கு அல்ல

சக மாணவரே சக மாணவருக்குக் கைகொடுப்பது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான யோசனை என்று யாரும் எண்ண வேண்டாம். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை செய்த வேலை அதுதான். 1789-ல் சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தம் பள்ளியில் அதைப் புகுத்தினார். கற்ற சிறுவனைக் கொண்டே கல்லாத சிறுவனுக்குக் கற்பித்தார். 1797-ல் அதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். "மதராஸ் முறை" என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் தெருத் திண்ணையில் இருந்ததை வெள்ளைக்காரர் எடுத்துப் போனார், நாம் மறந்துபோனோம்!

நம் மதரஸாக்களில் பாடம் முடிந்த பிறகு மாணவர்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் பாடத்தைத் திருப்பிச் சொல்ல மற்றவர்கள் கேட்டுத் திருத்தும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. அதற்கும் முன்னால் மதீனாவைப் பாருங்கள். உமர் (ரலி) அவர்களும் அவர்களுடைய அன்ஸாரித் தோழர் ஒருவரும் ஊரின் மேட்டுப் பகுதியில் குடியிருந்தார்கள். இருவருக்கும் பிழைப்பு இருந்தது. ஆகவே முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் ஒருவர் நபி (ஸல்) அவர்களின் சபைக்குப் போவார். மறுநாள் மற்றவர் போவார். போனவர் அன்று கேட்டதைப் போகாதவரிடம் வந்து சொல்வார். உழைத்துக்கொண்டே படிக்கும் இரண்டு தோழர்களுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி உண்டா?

இனி, இக்காலச் சான்றுக்கு வருவோம். 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த யூரி ட்ரைஸ்மன் ஒரு விஷயத்தைக் கண்டு திகைத்தார். பள்ளியில் நன்றாகப் படித்துவிட்டு வந்த கறுப்பின மாணவர்கள் முதலாண்டுக் கணிதத்தில் தோற்றார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் தேறினார்கள். அக்கறை போதாது, வீட்டில் ஆதரவில்லை, வறுமை என்று பலரும் பல காரணம் சொன்னார்கள். அவர் மாணவர்களோடு மாணவராகச் சுற்றிப் பார்த்தபோது அவை எதுவும் நிற்கவில்லை. சீன மாணவர்கள் தனியே படித்த பிறகு கூடி அமர்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்த்தார்கள். கறுப்பின மாணவர்கள் நெடுநேரம் உழைத்தார்கள். ஆனால் தனியறையில், தனியாக உழைத்தார்கள். ட்ரைஸ்மன் அவர்களைக் கூட்டிவைத்துக் கடினமான கணக்குகளைக் கொடுத்து ஒன்றாகப் போடச் செய்தார். மதிப்பெண் உயர்ந்தது.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் உண்டு. 2008-ல் பாட்னாவில் மௌலானா வலீ ரஹ்மானி தொடங்கிய ரஹ்மானி 30 ஏழை முஸ்லிம் மாணவர்களை ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்தது. காவல்துறை அதிகாரி அபயானந்த் அதற்கு வழிகாட்டினார். மாணவர்கள் கூடி விவாதித்துப் படிப்பதே அந்த முறையின் உயிர். தமிழ்நாட்டில் நடிகர் சூர்யா 2006-ல் நிறுவிய அகரம் அறக்கட்டளை, 2010-ல் விதைத் திட்டத்தைத் தொடங்கியது. தேர்ந்தெடுத்த மாணவருக்குப் படிப்புச் செலவோடு அது நிற்பதில்லை. வழிகாட்டத் தன்னார்வலரையும் தருகிறது. அங்கே உதவி பெற்றுப் படித்து முடித்தவர்களே பிறகு தன்னார்வலர்களாகத் திரும்பி வருகிறார்கள். நேற்றுக் கை நீட்டியவர் இன்று கை கொடுக்கிறார். அந்தச் சங்கிலியைத்தான் நம் மஹல்லாக்கள் கோக்க வேண்டும் என்கிறோம்.

எச்சரிக்கையும் வேண்டும்

மூத்தவர் கையில் இளையவரை ஒப்படைப்பதில் ஆபத்து இல்லாமல் இல்லை. 1996-ல் சிதம்பரம் அண்ணாமலைநகரில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்ட கொடூரத்தைத் தமிழகம் மறக்கவில்லை. அதன் விளைவாகவே 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ஆகவே சில வரம்புகளை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மூத்த மாணவர் வழிகாட்டி, எஜமான் அல்ல. இளையவரிடம் பணமோ வேலையோ வாங்கக் கூடாது. அவர் ஜமாஅத்தின் ஒற்றரும் அல்ல. பிள்ளை மனம்விட்டுச் சொன்ன மதிப்பெண்ணையும் வீட்டுக் கஷ்டத்தையும் கொடையாளரின் காதில் போடக் கூடாது. போட்டால் மறுநாளிலிருந்து பிள்ளை வாய் திறக்காது. மனச்சோர்வு முற்றியிருப்பது தெரிந்தால், தானே மருத்துவராகிவிடாமல் உரிய ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் அழைத்துப் போக வேண்டும். மாணவிகளுக்கு மாணவிகளே வழிகாட்டிகளாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறோம். இந்த உறவை எந்த அமைப்பும், நம் அமைப்பு உட்பட, கொடி பிடிக்க ஆள் சேர்க்கும் வழியாக்கிவிடக் கூடாது. படிக்க வந்த பிள்ளை முதலில் படிக்கட்டும். அதுபோலவே நம் வட்டத்துக்கு வெளியே இருப்பவருக்குக் கதவைச் சாத்தவும் கூடாது. பக்கத்துக் குப்பத்திலிருந்து, பக்கத்துக் காலனியிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் பிள்ளைக்கும் அதே தவிப்புத்தானே? அவரும் வந்து அமரட்டும். கணக்குக்குச் சாதி மதம் கிடையாது.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய கட்டடம் வேண்டாம். தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்தல் வேண்டாம். வரிச்சிக்குடி போன்ற ஓர் ஊரில் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.

முதலாவது, ஊரில் யார் யார் எந்தக் கல்லூரியில் எந்த ஆண்டில் படிக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஒரு பக்கத் தாள் போதும். உதவித்தொகை பெறும் முதலாண்டு மாணவர் இருவருக்கோ மூவருக்கோ, அதே கல்லூரியில் அல்லது அதே படிப்பில் இருக்கும் மூத்தவர் ஒருவர் என்று சேர்த்துவிடுங்கள். மூத்தவர் முதல் மதிப்பெண் வாங்கியவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஓர் அரியர் வைத்து, அதை எழுதித் தேறியவராக இருந்தால் இன்னும் நல்லது. விழுந்த இடமும் எழுந்த விதமும் அவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, முதல் எட்டு வாரம் வாரம் ஒருமுறை கட்டாயம் சந்திக்க வேண்டும். நூலகம், மதரஸா கூடம், எதுவானாலும் சரி. ஒரு மணி நேரம் பாடம். அரை மணி நேரம் மற்றப் பேச்சு. அந்த வாரத்தில் புரியாமல் போன ஒரு கணக்கையாவது ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும். உதவித்தொகை விண்ணப்பத் தேதிகள், தேவையான சான்றிதழ்கள், போக வேண்டிய அலுவலகங்கள் ஆகியவற்றை முன்னாலேயே எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.

மூன்றாவது, இது வணிகர்களுக்கு. ஒரு மாணவருக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பகுதியை அவருக்குத் துணை நிற்கும் மூத்தவரின் பேருந்துச் செலவுக்கும் தேநீருக்கும் ஒதுக்குங்கள். அவரும் உதவித்தொகையில் படிப்பவராகவே இருப்பார். கைக்காசு போட்டு ஊழியம் செய்யச் சொல்வது நியாயமல்ல. பிள்ளையிடம் பேசும்போது "எவ்வளவு மார்க்?" என்று தொடங்காதீர்கள். "எந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் மாறுவதை நீங்களே காண்பீர்கள்.

நான்காவது, இன்று உதவி பெறுபவர் இரண்டாம் ஆண்டுக்குப் போனதும் இரண்டு இளையவருக்குத் துணை நிற்பேன் என்று மேடையிலேயே சொல்லட்டும். எழுத்து ஒப்பந்தம் வேண்டாம்; சபையின் முன் கொடுத்த வாக்குப் போதும். பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லவில்லை. பெற்ற துணையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறோம்.

இளைஞர்களே! கல்லூரியின் மூன்றாம் ஆண்டில் இருக்கும் தம்பிகளே, தங்கைகளே! சமுதாயத்துக்கு என்ன செய்யலாம் என்று எங்களிடம் அடிக்கடிக் கேட்கிறீர்கள். உங்கள் கல்லூரி வாசலில் இந்த ஆண்டு நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் கையில் ரசீதோடு, எந்தக் கட்டடத்துக்குள் போவது என்று தெரியாமல் நிற்பார். இரண்டு ஆண்டுக்கு முன் நீங்கள் நின்ற அதே இடம் அது. அவரிடம் போய் ஸலாம் சொல்லி, "எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேளுங்கள். மற்றவை அதன் பிறகு நடக்கும், இன்ஷா அல்லாஹ்.

அடுத்த ஆண்டு மேடையில் காசோலை வாங்கும் பிள்ளையின் பக்கத்தில் அவருடைய நானாவோ லாத்தாவோ நிற்கட்டும். புகைப்படத்தில் அவர்களும் இருக்கட்டும். பேரேட்டில் தொகைக்கு எதிரே அவர்களின் பெயரும் ஏறட்டும். பட்டம் வாங்கிய நாளையும் அதே வரியில் எழுதி நாம் கணக்கை முடிப்போம்.